ஊருக்குள் ஓட்ட சின்ன மின்சார கார் சரிவருமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மின்சார கார் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான். வீட்டிலிருந்து ஆபீஸ், பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று ஊருக்குள்ளேயே ஓட்டப்போகிறவருக்கு இது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. இரவில் கார் நிற்கிற இடத்துக்கு உங்கள் சொந்த மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க முடியுமா என்பது முதல் கேள்வி. ஒரு நாளில் நீங்கள் உண்மையில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பது இரண்டாவது. முதலாவதற்கு "முடியாது" என்று பதில் வந்தால் மீதிக் கணக்கு எதையும் போட வேண்டியதில்லை. ஒயர் இழுக்க முடிகிறது, ஆனால் தினசரி ஓட்டம் மிகக் குறைவு என்றால், கார் நன்றாகவே ஓடும், போட்ட பணம்தான் திரும்பாது.

இங்கே பேசுவது எம்ஜி காமெட், டாடா டியாகோ இவி போன்ற சின்ன வண்டிகளைப் பற்றி. பஞ்ச் இவி, சிட்ரோன் இசி3 ஆகியவை இவற்றுக்கு அடுத்த படி. காமெட்டின் பேட்டரி 17.3 கிலோவாட் ஹவர். டியாகோவில் 19.2, 24 என்று இரண்டு அளவு. ஒரு கிலோவாட் ஹவர் என்பது ஈபி கணக்கில் ஒரு யூனிட். ஆக 24 கிலோவாட் ஹவர் பேட்டரியில் 24 யூனிட் கரண்ட் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கணக்கெல்லாம் எளிது.

கார் நிற்கிற இடமும் பிளக் பாயிண்ட்டும்

சின்ன கார்களோடு வருகிற சார்ஜர் பெரும்பாலும் 15 அல்லது 16 ஆம்பியர் பாயிண்ட்டில் சொருகுகிற வகை. அது 3.3 கிலோவாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 14 ஆம்பியருக்குச் சற்று மேல். கெய்சரும் ஏறக்குறைய இந்த அளவை நெருங்கும், ஆனால் அது பத்து இருபது நிமிடத்தில் கட் ஆகிவிடும். கார் சார்ஜர் அப்படியில்லை. காலியான பேட்டரி நிரம்ப, அதன் அளவைப் பொறுத்து, ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் அதே ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பழைய பவர் பிளக் கருகிப்போவது இதனால்தான். சாக்கெட்டுக்குள் திருகு லேசாகத் தளர்ந்திருந்தாலும் போதும், அந்த இடம் சூடாகி பிளாஸ்டிக் இளகும், கருகின வாடை வரும், கடைசியில் எம்சிபி (சுமை மீறினால் கரண்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) ட்ரிப் ஆகும்.

எனவே வாஷிங் மெஷின் பாயிண்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுச் சமாளிக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எலக்ட்ரீஷியனிடம் இப்படிக் கேளுங்கள்: மெயின் போர்டிலிருந்து தனி லைன், வேறு எந்தப் பாயிண்ட்டும் அதில் சேரக்கூடாது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். தூரம் 30 மீட்டரைத் தாண்டினால் 6. அந்த லைனுக்கென்று 20 ஆம்பியர் எம்சிபி, கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு இருந்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச் (எம்சிபியும் இதுவும் ஒன்றாக வருவதை ஆர்சிபிஓ என்பார்கள்). ஆர்சிசிபியில் "டைப் ஏ" என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண "டைப் ஏசி" ரகம், மின்னணுச் சார்ஜரில் வரக்கூடிய சில வகைக் கசிவுகளைச் சரியாகக் கண்டுபிடிக்காது. முனையில் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் இருந்தால் மிக நல்லது. ஆனால் காரோடு வருகிற சார்ஜரின் பிளக் அதில் பொருந்துமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்; சாதாரண மூன்று முனை பிளக் அதில் ஏறாது.

அடுத்து எர்த். "புது காரில் சார்ஜ் ஏறவே இல்லை" என்று வருகிற புகார்களில் நிறைய காரில் இருக்கிற கோளாறு அல்ல, வீட்டு எர்த்தில் இருக்கிற கோளாறு. சார்ஜர், கரண்ட் எடுப்பதற்கு முன் எர்த் இருக்கிறதா என்று தானே சோதிக்கும். சரியில்லை என்று பட்டால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கோடைக்காலத்தில் எர்த் குழி காய்ந்து இந்த அளவு ஏறிவிடுவது நம் ஊரில் சாதாரணம். ஏப்ரல் வரை ஒழுங்காக ஏறிய சார்ஜ் மே மாதம் ஏற மறுத்தால் முதலில் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதில் சரியானால் குழியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்வெர்ட்டர் லைனில் இந்தப் பாயிண்ட் வந்துவிடக் கூடாது. கரண்ட் போன நொடியில் 3.3 கிலோவாட் சுமை இன்வெர்ட்டர் மேல் விழுந்தால் அது தாங்காது.

சுவரில் பொருத்துகிற, வேகமாகச் சார்ஜ் ஏற்றுகிற 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் தேவையா? தினமும் 60 கி.மீ.க்குள் ஓட்டுகிறவருக்குத் தேவையில்லை. இரவு பத்து மணிக்குச் சொருகி காலை ஆறு மணிக்கு எடுத்தால் சாதாரணச் சார்ஜரிலேயே ஒரு டியாகோ ஏறக்குறைய முழுதாக நிரம்பிவிடும். வால்பாக்ஸ் என்றால் 32 ஆம்பியர். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் இரண்டு ஏ.சி.யோடு அதையும் சேர்த்தால் அனுமதிக்கப்பட்ட லோடு தாண்டிவிடும், மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும். டீலர் இலவசமாகத் தருகிறார் என்பதற்காக அதைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டாம். சாதாரணச் சார்ஜருக்குமே, இப்போதைய அனுமதி லோடு எவ்வளவு என்று ஈபி அட்டையில் பார்த்து, குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் காரியம் சற்று நீளும். உங்கள் மீட்டர் இருக்கிற அறையிலிருந்து உங்கள் பார்க்கிங் தூண் வரை எத்தனை மீட்டர், ஒயர் எந்தச் சுவர் வழியாகப் போகும், யார் பார்க்கிங்குக்கு மேலே போகும் என்று முதலில் ஒரு காகிதத்தில் வரைந்து அசோசியேஷனிடம் கொடுங்கள். "எங்கள் மீட்டரிலிருந்துதான் எடுக்கிறோம், பொதுக் கரண்ட் இல்லை" என்பது தெளிவானால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். வீட்டிலேயே சொந்த மின் இணைப்பிலிருந்து வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் 2022இலேயே சொல்லிவிட்டது; அதையும் கடிதத்தில் குறிப்பிடலாம். சம்மதத்தை வாய்மொழியாக வாங்காதீர்கள். நிர்வாகக் குழு மாறியதும் பேச்சு மாறும். கையெழுத்தோடு வாங்கிய பிறகுதான் காருக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

வாடகை வீடு, தெருவில் பார்க்கிங், சொந்தப் பாயிண்ட்டுக்கு வழியே இல்லை: இந்த நிலையில் இருப்பவர்கள் ஆபீஸில் நிச்சயமான சார்ஜிங் வசதி இருந்தால் ஒழிய வாங்க வேண்டாம். பொது டிசி ஸ்டேஷனில் (வேகமாகச் சார்ஜ் ஏற்றுகிற இடம்) யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டியும் அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் ஆகும். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் என்றால் பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். காமெட் போன்ற வண்டியில் டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் வசதியே கிடையாது, அந்த வழியும் அடைத்துவிடும்.

இரண்டு வாரம் ஓடோமீட்டரை எழுதுங்கள்

"தினமும் ஒரு ஐம்பது அறுபது ஓடும்" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். இப்போது ஓட்டுகிற காரிலோ பைக்கிலோ காலையில் கிளம்பும்போதும் இரவில் நிறுத்தும்போதும் ஓடோமீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். பதினான்கு நாள் போதும். பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம் குறியுங்கள்: அன்று எத்தனை பேர் ஏறினார்கள், வண்டிக்குள் மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்.

பட்டியலில் பார்க்க வேண்டியது சராசரி அல்ல, மிக நீண்ட நாள். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக சிறுசேரி சிப்காட் போக ஒரு வழிக்குச் சுமார் 30 கி.மீ. போக வர 60. அன்று மாலையே விமான நிலையத்துக்கு ஆளை அழைக்கப் போக வேண்டியிருந்தால் 80ஐ எட்டும். அந்த 80தான் உங்கள் கார் தாங்க வேண்டிய எண். வருடத்துக்கு நாலு முறை வருகிற கும்பகோணம், திருச்செந்தூர் பயணங்களை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு ரயிலோ வாடகை வண்டியோ வீட்டில் இருக்கிற இன்னொரு காரோ போதும். அந்த நாலு நாளுக்காகப் பேட்டரியை இரட்டிப்பாக்கினால் லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து, மீதி நாளெல்லாம் அந்த எடையைச் சும்மா சுமந்து திரிவீர்கள். வீட்டில் இருக்கப்போகிற ஒரே கார் இதுதான், அடிக்கடி வெளியூரும் போவீர்கள் என்றால் மட்டும் கணக்கு மாறும். அப்போது டிசி சார்ஜிங் உள்ள, 30 கிலோவாட் ஹவருக்கு மேல் பேட்டரி உள்ள வண்டியைப் பாருங்கள்.

ஷோரூம் சொல்லும் ரேஞ்சிலிருந்து எவ்வளவு கழிக்க வேண்டும்

விளம்பரத்தில் வருகிற எண் சோதனைக்கூடத்தில், குறைந்த வேகத்தில், ஏ.சி. இல்லாமல் அளந்தது. காமெட்டுக்கு 230 கி.மீ. என்கிறார்கள். தெருவில் அதில் 70 சதவீதம் எதிர்பார்க்கலாம், அதாவது 160. பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை யாரும் ஓட்டுவதில்லை. பத்து சதவீதத்தில் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்றால் 145. எட்டு வருடம் கழித்துப் பேட்டரியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் 115. ஆக, பழசான பிறகும் கவலையில்லாமல் ஓட்டக்கூடிய தூரம் நாளைக்கு 100 கி.மீ. நீங்கள் எழுதிய பட்டியலில் மிக நீண்ட நாள் 80 என்றால் இந்த வண்டியே போதும். 110 என்றால் டியாகோவின் 24 கிலோவாட் ஹவர் வண்டிக்குப் போங்கள். அறிமுகமானபோது அதற்குச் சொன்னது 315. இதே கழித்தலைச் செய்தால் 155க்கு மேல் நிற்கும்.

வண்டிக்குள் இருந்த நேரத்தை எழுதச் சொன்னதற்குக் காரணம் ஏ.சி. பெட்ரோல் காரில் ட்ராஃபிக்கில் நின்றால் இன்ஜின் எரிபொருளைக் குடிக்கும். மின்சார காரில் மோட்டார் நின்றபடி எதையும் இழுக்காது, ஆனால் ஏ.சி. இழுத்துக்கொண்டே இருக்கும். மே மாத மத்தியானம் ஏ.சி.க்குச் சராசரியாக ஒரு கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், மத்திய கைலாஷ் சிக்னலிலும் துரைப்பாக்கத்திலும் ஊர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் வீடு சேரும்போது ஒன்றரை யூனிட் ஏ.சி.க்கே போயிருக்கும். அது 12 கி.மீ. ஓட்டத்துக்குச் சமம். அதே தூரத்தை இரவு பத்து மணிக்கு அரை மணி நேரத்தில் கடந்தால் நாலு கி.மீ.தான் நஷ்டம். தூரம் ஒன்றேயானாலும் செலவு வேறாவது இதனால்தான்.

வேகம் இன்னொரு திருடன். 40, 50 கி.மீ. வேகத்தில்தான் சின்ன மின்சார கார் சிக்கனமாக ஓடும். வெளிவட்டச் சாலையில் 90க்கு மேல் அழுத்தினால், காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், பேட்டரி சதவீதம் கண்ணெதிரே இறங்கும். டயரில் காற்று குறைவாக இருந்தாலும் இதே கதைதான். மாதம் இரண்டு முறை பாருங்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் செல்கள் இருக்கின்றன. சூட்டைத் தாங்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் வோல்டேஜ் 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். எவ்வளவு மிச்சம் என்பதைக் காரின் கணினி வோல்டேஜைப் பார்த்துச் சொல்ல முடியாமல், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே சொல்கிறது. எப்போதும் 40லிருந்து 70 வரை மட்டும் சார்ஜ் செய்துகொண்டிருந்தால் அந்தக் கணக்கில் பிழை சேரும். ஒரு நாள் 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த திரை சட்டென்று 6க்கு இறங்கும். அதனால் வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒரு முறை 100 வரை நிரப்பி, நிரம்பிய பிறகும் அரை மணி நேரம் பிளக்கை எடுக்காமல் விடுங்கள். செல்கள் சமன்படும், கணக்கும் நேராகும். கம்பெனி கையேட்டில் வேறு இடைவெளி சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

மலை ஊர்க்காரர்களுக்கு

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேல். குன்னூர் 1,850 மீட்டரை ஒட்டி. 1,200 கிலோ எடையை (சின்ன கார், இரண்டு பேர்) 1,500 மீட்டர் தூக்க மட்டும் ஏறக்குறைய 5 யூனிட் வேண்டும். மோட்டாரிலும் கியரிலும் போகிற நஷ்டத்தைச் சேர்த்தால் 6. இது உயரத்துக்கான செலவு மட்டும். சாலைத் தூரத்துக்கான மூன்று, நாலு யூனிட் தனி. 17 யூனிட் பேட்டரியில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஏற்றத்தில் போய்விடும். குன்னூர், கோத்தகிரிக்குள்ளேயே ஓட்டுகிறவருக்குச் சின்ன வண்டி தாராளம். தினமும் சமவெளிக்கு இறங்கி ஏறுகிறவர் பெரிய பேட்டரிக்குப் போவதுதான் சரி.

இறங்கும்போது பிரேக்கிங்கில் கொஞ்சம் கரண்ட் திரும்பக் கிடைக்கும். ஆனால் மலைமேல் 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால் அந்தக் கரண்ட்டைப் போட்டுவைக்க இடமிருக்காது, மோட்டார் பிடிக்கிற பிடியும் குறைந்துவிடும், முழுப் பாரமும் பிரேக் பேடுகளின் மேல் விழும். இறங்குகிற நாளில் 80, 85 சதவீதத்தோடு கிளம்புங்கள்.

பணம் திரும்புமா?

சார்ஜ் ஏற்றும்போது ஆகிற நஷ்டத்தையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கஞ்சத்தனமான கணக்கு. நிஜத்தில் சற்றுக் கூடவே கிடைக்கும். நாளைக்கு 40 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 2,000 கி.மீ. அதற்கு 286 யூனிட்.

தமிழ்நாட்டில் பலரும் தவறுகிற இடம் இதுதான். "யூனிட் நாலு ரூபாய் எண்பது காசு, கிலோமீட்டருக்கு எழுபது காசு" என்று கணக்குப் போடுகிறார்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளில் கிடைத்த சலுகையும் குறையும். காருக்கு ஆகிற யூனிட் எல்லாம் மேல் படியில்தான் போய் உட்காரும். 2024 ஜூலைக் கட்டணப்படி 501 முதல் 600 வரை ரூ.8.55, 601 முதல் 800 வரை ரூ.9.65, 801 முதல் 1,000 வரை ரூ.10.70, அதற்கு மேல் ரூ.11.80. வீட்டுக்கு ஏற்கெனவே 400 யூனிட் ஆகிறது என்றால் காரால் கூடுவது 2,600 ரூபாயை ஒட்டி வரும், கிலோமீட்டருக்கு ரூ.1.30. இரண்டு ஏ.சி. ஓடி ஏற்கெனவே 900 யூனிட் ஆகிற வீட்டில் அதே 286 யூனிட்டுக்கு 3,200க்கு மேல், கிலோமீட்டருக்கு ரூ.1.60. உங்கள் கடைசி பில்லை எடுத்து, அதன் மேல் காரின் யூனிட்டைக் கூட்டி, ஈபி தளத்தில் உள்ள பில் கணிப்பானில் போட்டுப் பாருங்கள்.

பெட்ரோல் கார் ஊருக்குள் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தால், லிட்டர் 100 ரூபாய் கணக்கில் 2,000 கி.மீ.க்கு 13,300 ரூபாய். மிச்சமாவது இரண்டு மாதத்துக்கு 10,700; வருடத்துக்கு 64,000. அதே அளவு பெட்ரோல் காரைவிட மின்சார கார் ஆன்ரோடு மூன்று லட்சம் அதிகம் என்றால் நாலே முக்கால் வருடத்தில் ஈடாகும். ஆயில், ஃபில்டர், கிளட்ச் செலவு இல்லாததில் இன்னும் சில ஆயிரம் மிஞ்சும். இன்சூரன்ஸ் கூடுதலாக வருவதால் அதில் ஒரு பகுதி போய்விடும்.

நாளைக்கு 20 கி.மீ. மட்டும் என்றால்? வருட மிச்சம் 32,000தான். மூன்று லட்சம் திரும்ப ஒன்பது வருடம் தாண்டும். பேட்டரி வாரண்டி வழக்கமாக எட்டு வருடம். பணத்துக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் 25 கி.மீ.க்குக் கீழே வேண்டாம் என்பதே நேர்மையான பதில். சத்தமில்லாத ஓட்டம், கிளட்ச் மிதிக்காத முழங்கால், புகையில்லாத தெரு ஆகியவற்றுக்காக வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், அவையும் மதிப்புள்ளவைதான். ஆனால் அதைப் "பெட்ரோல் மிச்சம்" என்ற பெயரில் வீட்டாரிடம் விற்காதீர்கள்.

பேட்டரியைத் தனியாக வாடகைக்கு எடுத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டுகிற திட்டமும் உண்டு. வண்டியின் விலை குறைவாகத் தெரியும். ஒப்பந்தத்தில் மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை கி.மீ.க்குக் கட்டியாக வேண்டும் என்ற வரியைத் தேடுங்கள். மாதம் 500 கி.மீ. ஓட்டுகிறவர் 1,500 கி.மீ.க்குப் பணம் கட்டுகிற நிலை வரக்கூடாது. மின்வாகனக் கடன் வட்டிக்கு வருமான வரியில் 80இஇபி பிரிவின் கீழ்க் கழிவு உண்டு என்று யாராவது சொன்னால், அது 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பது உண்மை. சாலை வரி விலக்கு காலக்கெடுவோடு அறிவிக்கப்படுகிற சலுகை. பதிவு செய்கிற மாதத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடுங்கள்.

மழைத் தண்ணீர்

பேட்டரிக்கு ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். தேங்கிய தண்ணீரில் ஓட்டலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் நின்றது. அப்படிப்பட்ட பகுதியில் இருப்பவர்கள் சார்ஜிங் சாக்கெட்டைச் சுவரில் பழைய வெள்ளக் கறைக்கு மேலே, குறைந்தது நாலு அடி உயரத்தில் வையுங்கள். அடித்தளப் பார்க்கிங் என்றால் மழை எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை, வெளியே காய்ந்துவிட்டது என்பதற்காகச் சார்ஜில் போடக்கூடாது, ஸ்டார்ட் செய்தும் பார்க்கக்கூடாது. இழுவை வண்டியில்தான் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது "இன்ஜின் புரொடெக்ட்" என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பேட்டரி, மோட்டார், சார்ஜர் மூன்றும் தண்ணீர்ச் சேதத்துக்கு உட்பட்டவை என்று பாலிசியில் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கிற நாள்

ஷோரூமைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவதில் ஒன்றும் தெரியாது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, வீட்டில் வழக்கமாக ஏறுகிற எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, நீங்கள் தினமும் போகிற பாதையிலேயே 15 கி.மீ. ஓட்டக் கேளுங்கள். கிளம்பும்போது எத்தனை சதவீதம், திரும்பும்போது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். 24 யூனிட் பேட்டரியில் 15 கி.மீ.க்கு 8, 9 சதவீதம் இறங்கினால் இயல்பு. 13க்கு மேல் போனால் டயர் காற்றையும் நீங்கள் மிதிக்கிற விதத்தையும் பாருங்கள்.

வயதானவர்கள் ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். காமெட்டில் இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி நுழைய வேண்டும். மூட்டுவலி உள்ள பாட்டிக்கு அது தினமும் தொல்லை. அதே வண்டி மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், 4.2 மீட்டர் திருப்பு ஆரம்; மயிலாப்பூர் மாட வீதியிலும் மதுரை மாசி வீதியிலும் வேறு எந்தக் காரும் நுழையத் தயங்குகிற இடுக்கில் நிற்கும். ஒருவரோ இருவரோ போகிற வீட்டுக்கு அதற்கு இணையில்லை. நாலு பேர், பள்ளிப் பைகள், அரிசி மூட்டை என்றால் டியாகோவின் 240 லிட்டர் டிக்கியும் நாலு கதவும் வேண்டும். காமெட்டின் 12 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் இறங்குவதையும், நாலு பேரோடு ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது அடிப்பாகம் உரசுகிறதா என்பதையும் உங்கள் தெரு முனையிலேயே சோதித்துவிடலாம். மோதல் பாதுகாப்பை அளவை வைத்து ஊகிக்காதீர்கள். பஞ்ச் இவி 2024இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே ஆண்டு இசி3 குளோபல் என்கேப்பில் பூஜ்யம்.

டெலிவரி எடுக்கிற அன்று சார்ஜர் கேபிள், பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், இரண்டு சாவி, பேட்டரி வாரண்டிப் புத்தகம் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பல சின்ன மின்சார கார்களில் ஸ்டெப்னி கிடையாது, அதனால் பஞ்சர் கிட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று அங்கேயே ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: 12 வோல்ட் பேட்டரி எங்கே இருக்கிறது? பெரிய பேட்டரி முழுதாக இருந்தாலும் இந்தச் சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் கதவும் திறக்காது, திரையும் எழாது. இரண்டு வாரத்துக்கு மேல் வெளியூர் போவதாக இருந்தால் காரை 50, 60 சதவீதத்தில் நிழலில் நிறுத்திவிட்டு, வாரம் ஒரு முறை அரை மணி நேரம் யாரையாவது ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள்.